செட்டிநாடு பார்க்க வரும் மாணவர்களுக்கு: குழுச் சுற்றுலாவா, சொந்த ஏற்பாடா?

மார்கழி பிறந்ததும் எனக்குத் தொலைபேசியில் வரும் கேள்விகளில் ஒன்று ஆண்டுதோறும் மாறுவதில்லை. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ படிக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒன்று அழைத்து, "மாமா, பரீட்சை முடிஞ்சிருச்சு. செட்டிநாடு பாக்கலாம்னு இருக்கோம். ஒரு டூர்க்காரர் தலைக்கு இவ்வளவுன்னு சொல்றார். அதுல வரவா, நாங்களே ரயிலேறி வந்துரவா?" என்று கேட்கும். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காகக் காரைக்குடிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன். இந்த ஊரை வெளியாளாகவும் பார்த்திருக்கிறேன், உள்ளூர்க்காரனாகவும் பார்த்து வருகிறேன். முன்பெல்லாம் "டூர் எதற்கு, நீங்களே வாருங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவேன். அந்தப் பதில் எல்லோருக்கும் பொருந்தவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இப்போது பதில் சொல்வதற்கு முன், எத்தனை பேர் வருகிறீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், எதைப் பார்க்க வருகிறீர்கள் என்று மூன்றையும் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் பணம். செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தார் தங்கள் குடும்பங்களைப் புள்ளி என்ற அலகால் எண்ணுவார்கள். மணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயில் காரியத்துக்கோ ஊர்ப் பொதுச் செலவுக்கோ ஆகும் தொகையைப் புள்ளிகளால் வகுத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று வரி எழுதுவார்கள். பயணச் செலவையும் இதே போலப் புள்ளி போட்டுப் பார்த்தால், எந்தச் செலவு தலைகளால் வகுபடும், எது வகுபடாது என்பது தெளிவாகிவிடும். குழுவா தனியா என்ற கேள்வியின் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு நாள் முழுவதும் கார் ஒன்றை அமர்த்த, ஓட்டுநர் பேட்டாவும் சேர்த்து 3,000 ரூபாய் ஆவதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். தனியாள் அந்த 3,000 ரூபாயையும் தானே கொடுக்க வேண்டும். இருவரானால் தலைக்கு 1,500, நால்வரானால் 750. ஐந்தாவது ஆள் சேரும்போது சிறிய காரில் இடம் போதாமல் பெரிய வண்டி பிடிக்க வேண்டியிருப்பதால், பங்கு அங்கே குறையாமல் நின்றுவிடுகிறது. சில சமயம் ஏறியும் விடுகிறது. அறை வாடகையும் இதே போக்கில்தான் செல்லும். இருவர் அறையில் கூடுதலாக ஒரு மெத்தை போட்டு மூவர் படுத்துக்கொள்வதோடு அதில் கிடைக்கும் மிச்சம் முடிந்துவிடும். ரயில் கட்டணம், சாப்பாடு, நுழைவுக் கட்டணம் ஆகியவை எத்தனை பேர் வந்தாலும் வகுபடுவதில்லை. ஆகவே நாற்பது பேர் கொண்ட பேருந்தில் வரும் மாணவருக்கும், நால்வராகச் சேர்ந்து கார் எடுத்துச் சுற்றும் மாணவருக்கும் வண்டிச் செலவில் இருக்கும் வித்தியாசம் பலர் நினைப்பதைவிடச் சிறியது. அந்தச் சிறிய வித்தியாசத்தையும் ஏற்பாட்டாளரின் லாபம், வழிகாட்டியின் சம்பளம், அவர் தேர்ந்தெடுத்த உணவகத்தின் விலை ஆகியவை பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன. இதில் ஏற்பாட்டாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் தம் உழைப்புக்குக் கூலி வாங்குகிறார். அந்த உழைப்பு நமக்கு வேண்டுமா என்பதைத்தான் நாம் முடிவு செய்ய வேண்டும்.

வந்து சேரும் செலவைப் பொறுத்தவரை சொந்த ஏற்பாட்டை விஞ்ச எந்தக் குழுச் சுற்றுலாவாலும் முடியாது. சென்னை எழும்பூரிலிருந்து காரைக்குடிக்கு நாள்தோறும் பல்லவன் விரைவு ரயில் ஓடுகிறது. இரண்டாம் வகுப்பு இருக்கைக் கட்டணம் இருநூறு ரூபாயை ஒட்டித்தான் இருக்கும். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் காரைக்குடி ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இரண்டு ஊர்களிலிருந்தும் அரசுப் பேருந்துகள் அடிக்கடி வருகின்றன. கல்விச் சுற்றுலாவாகவோ விடுமுறைக்குச் சொந்த ஊருக்கோ செல்லும் மாணவர்களுக்கு ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது என்பது பல மாணவர்களுக்கே தெரியாது. பொதுப் பிரிவு மாணவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 50 விழுக்காடும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 75 விழுக்காடும் குறையும். கல்லூரி முதல்வர் கையொப்பமிட்ட சலுகைப் படிவத்தோடு ரயில் நிலையக் கவுன்ட்டரில் நின்று வாங்க வேண்டும் என்பதால், கைபேசியில் பயணச்சீட்டு எடுத்துப் பழகிய தலைமுறை அதைத் தேடிப் போவதில்லை.

உள்ளூரில் சுற்றுவதற்கு வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. காரைக்குடியிலிருந்து இரண்டு முக்கியச் சாலைகள் கிளம்புகின்றன. ஒன்று மேற்கே குன்றக்குடி, திருப்பத்தூர் வழியாக மதுரைக்குப் போகிறது; குன்றக்குடி முருகன் கோயிலும் பிள்ளையார்பட்டி குடைவரைக் கோயிலும் அந்தப் பக்கம். மற்றொன்று வடக்கே புதுக்கோட்டை, திருச்சிக்குப் போகிறது. கானாடுகாத்தானும், சேதுபதி காலத்துக் கோட்டையும் குடைவரைகளும் உள்ள திருமயமும் அந்தப் பக்கம். இந்த இரு சாலைகளிலும் பேருந்துக்காக நெடுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆத்தங்குடி, கடியாபட்டி, கொத்தமங்கலம், ராயவரம் போன்ற ஊர்களோ சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கின்றன. அங்கே போகும் பேருந்துகள் குறைவு, திரும்பி வருபவை அதைவிடக் குறைவு. எனவே பெருஞ்சாலைக்குப் பேருந்து, உள்ளூர்களுக்கு அரை நாள் ஆட்டோ அல்லது கார் என்று பிரித்துக்கொண்டால், முழு நாள் வாடகையில் பாதி மிச்சமாகும். குழுச் சுற்றுலாவில் இப்படிப் பிரித்து வாங்க வழியில்லை. இரண்டு பங்கையும் சேர்த்தே வாங்கியாக வேண்டும்.

மாணவியர் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் ஒரு படி சாய்கிறது. 2021 மே மாதம் முதல் தமிழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஓடும் நகரப் பேருந்துகளுக்கும் இது பொருந்தும் என்பதால், நான்கு மாணவியர் குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் போய்வர ஒரு காசும் செலவழியாமல் இருக்கக்கூடும். கையில் மொத்தமே இரண்டாயிரம் ரூபாய் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பணத்தைப் போல நேரமும் வகுபடும் என்றால் குழுச் சுற்றுலாவுக்கு எதிராகச் சொல்ல எனக்கு அதிகம் இருந்திருக்காது. நேரம் தலைக்கணக்கில் வகுபடாது, தலைக்கணக்கில் தேயும். முதுகலை படித்த காலத்தில் நான் முதன்முதலாகச் செட்டிநாட்டைப் பார்த்தது நாற்பது பேர் கொண்ட ஒருநாள் சுற்றுலாவில்தான். காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய பேருந்து ஏழரைக்குக் கிளம்பியது. வழியில் காபிக்குப் பத்து நிமிடம் என்று நிறுத்திய இடத்தில், கழிப்பறைக்கு நின்ற வரிசை முடியவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. துண்டறிக்கையில் "அரண்மனை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கானாடுகாத்தானில் இறங்கிய பிறகுதான், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929இல் நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் அந்த மாளிகை குடும்பத்தாருக்குரிய தனி வீடு என்பதும், வாசலில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான் என்பதும் தெரிந்தது. வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். பிற்பகல் ஒரு மணிக்குப் பிள்ளையார்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பது ஏற்பாட்டாளருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நாற்பது பேரை நேரத்துக்குக் கொண்டுவர அவரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் உறுத்தியது ஆத்தங்குடி. தரையில் பதிக்கும் பூவேலைக் கல் செய்யும் பட்டறையில் எங்களுக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடம். அந்த வேலையை அறிந்தவர்களுக்குப் பதினைந்து நிமிடத்தில் என்ன தெரியும் என்பது புரியும். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவம் வெட்டிய தகட்டச்சைப் பொருத்தி, நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மேலே தூக்கும்போது ஒரு நிறம் அடுத்ததோடு கலங்காமல் நிற்க வேண்டும். கைப்பழக்கம் முழுவதும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது. அதன்மேல் உலர்ந்த கலவையைத் தூவி, உள்ளூர் மணலும் சிமென்ட்டும் கலந்த சாந்தைப் போட்டு அமுக்கி மட்டம் செய்வார்கள். பிறகு உலரவைத்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போட்டு எடுப்பார்கள். கண்ணாடி கழன்று வரும்போது அதன் பளபளப்பு கல்லின் முகத்தில் தங்கிவிடுகிறது. அதனால்தான் இந்தத் தரை நடக்க நடக்க மெருகேறும் என்கிறார்கள். ஒரு கல் போடுவதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் நாலைந்து கல் பார்த்த பிறகுதான் ஊற்றுபவரின் கை எங்கே தயங்குகிறது, எங்கே வேகமெடுக்கிறது என்பது கண்ணில் படும். அதன் பிறகுதான் கேட்க நமக்கும் ஒரு கேள்வி வரும். நாற்பது பேர் வட்டமாக நின்றால் முன்வரிசையில் இருக்கும் ஆறு பேருக்கு மட்டுமே கை தெரியும். இரண்டாம் முறை நான் தனியாக வந்தபோது அதே போன்ற ஒரு பட்டறையில் முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த பெரியவர் ஒரு கட்டத்தில், "சும்மா உக்காந்திருக்கீங்களே தம்பி, இந்தா ஒண்ணு ஊத்திப் பாருங்க" என்று கரண்டியை நீட்டினார். நான் ஊற்றிய பூவின் இதழ்கள் ஒன்றோடொன்று கலந்து சேறாகிவிட்டன என்பது வேறு கதை.

வீடுகளைப் பற்றியும் இதே தோரணையில் ஒன்று சொல்லலாம். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் 2014ஆம் ஆண்டு முதல் செட்டிநாடு இருக்கிறது. அங்கே இடம்பெற்றிருப்பது ஏதோ ஓர் அரண்மனை இல்லை, வணிகர்களின் ஊர்த்தொகுப்பு. அதாவது நேர்க்கோட்டுத் தெருக்கள், மழைநீரைப் பிடித்து வைக்கும் ஊருணிகள், ஒரு தெருவில் முகப்பும் திண்ணையுமாகத் தொடங்கி, வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு அடுத்த தெருவில் போய் முடியும் வீடுகள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததுதான் பார்க்க வேண்டியது. இதைப் பார்க்கக் கட்டணம் இல்லை. கால்கள் வேண்டும், அவசரமில்லாமல் இருக்க வேண்டும். கானாடுகாத்தானில் ஏதாவது ஒரு பெரிய வீட்டின் முகப்பைப் பார்த்துவிட்டு, அதன் பக்கச் சுவரை ஒட்டியே நடந்து பின்வாசல் வரை போய்ப் பாருங்கள். பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பற்றி வழிகாட்டி சொல்லும் எந்த விவரமும் உணர்த்தாத ஒன்றை அந்தச் சுவரின் நீளம் உணர்த்தும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளும் அப்படித்தான். வாங்கக் காசில்லாத மாணவனும் மரப்பெட்டி, பித்தளைப் பாத்திரம், எனாமல் தூக்குச்சட்டி என்று ஒரு மாலை முழுவதையும் அங்கே கழிக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, குழுவாக வருவதில் உள்ள நன்மைகளை மறைத்தால் அது நேர்மையாகாது. முதலாவது, பூட்டிய கதவுகள். செட்டிநாட்டு வீடு ஒருவருக்குச் சொந்தமானது என்பது அரிது. கட்டியவரின் பேரன், கொள்ளுப்பேரன் வழியில் பல பங்காளிகளுக்குப் பங்கு இருக்கும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் குடும்பத்துக்கு இத்தனை என்று பிரிந்திருக்கும். அவர்களில் ஒருவர் சென்னையில், இன்னொருவர் சிங்கப்பூரில் என்று இருப்பார்கள். கல்யாணம், அறுபது, எண்பது என்று விசேஷம் வந்தால்தான் வீடு முழுவதும் திறக்கும். மற்ற நாளில் சாவி காவல்காரரிடம் இருக்கும். அவர் யாரை உள்ளே விடலாம் என்பது அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும். ஆண்டுக்கணக்காக ஆட்களை அழைத்துவரும் நல்ல ஏற்பாட்டாளர் ஒருவருக்கு ஓரிரு வீட்டாரோடு பழக்கம் இருக்கும். அந்தப் பழக்கத்தை நீங்கள் இணையத்தில் தேடிப் பெற முடியாது. கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வீடுகளும் உண்டு, ஆத்தங்குடிப் பெரிய வீடு அவற்றில் ஒன்று என்பதால், ஒரு வீட்டை உள்ளே போய்ப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அந்தப் பழக்கம் தேவைப்படாது. மூன்று நான்கு வீடுகளின் உட்புறத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கட்டடக்கலை மாணவர்களுக்குத் தேவைப்படும்.

இரண்டாவது, நகரத்தாரின் ஒன்பது பிரிவுகளுக்குரிய நகரக் கோயில்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பதையும் ஒரே நாளில் தரிசிக்க வேண்டும் என்று வருபவர்கள் பலர். கோயில்கள் நண்பகலில் சாத்தி மாலையில் திறப்பவை. ஊர்களோ ஒரே சாலையில் இல்லை. பேருந்தை நம்பி ஒரு பகலில் ஒன்பதையும் முடிக்க நினைப்பது வீண். எந்தக் கோயிலை முதலில் பார்த்தால் எதை நடை சாத்துவதற்குள் பிடிக்கலாம் என்ற வரிசை வேன் ஓட்டுநர்களுக்குத்தான் அத்துபடி. இந்த ஒன்றில் மட்டும் நான் யோசிக்காமல் குழுவையே சொல்வேன்.

மூன்றாவது, வீட்டில் அனுமதி. முதலாண்டு படிக்கும் பெண்ணைத் தனியாக அனுப்பத் தயங்கும் பெற்றோர், பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள ஓர் ஏற்பாட்டாளரிடம் ஒப்படைக்கச் சம்மதிப்பார்கள். இதைப் பிற்போக்கு என்று சொல்லி ஒதுக்க நான் தயாராக இல்லை. அனுமதி கிடைக்காத பயணத்தைவிடக் குழுவோடு வந்த பயணம் மேல்.

தனியாள் பயணத்தை ஒரு பெரும் சுதந்திரமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதன் விலையையும் சொல்ல வேண்டும். பட்டறையில் முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன் என்றேனே, அன்றைக்கு நான் திரும்ப வேண்டிய பேருந்தை விட்டுவிட்டேன். அடுத்தது எப்போது என்று கேட்டதற்குக் கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். கடைசியில் ஆட்டோவுக்கு நான் கொடுத்த தொகை, அன்று மூன்று வேளை சாப்பாட்டுக்கு ஒதுக்கி வைத்திருந்ததைவிட அதிகம். கூட மூவர் இருந்திருந்தால் அது தேநீர்க் காசாகப் போயிருக்கும். சாப்பாட்டிலும் தனியாளுக்கு நஷ்டம் உண்டு. உப்புக்கறி, கோலா உருண்டை, நண்டு மசாலா என்று நான்கு பேர் ஆளுக்கொன்று சொல்லிப் பகிர்ந்துகொள்ளும் மேசையில், தனியாக உட்கார்ந்தவர் ஒரு சாப்பாடும் ஒரு வறுவலுமாக முடித்துக்கொண்டு எழ வேண்டியிருக்கும். மாலைப் பலகாரத்தில் மட்டும் இந்த வேற்றுமை இல்லை. வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் ஒருவர் வயிற்றுக்கு அளவெடுத்தவைதான். பெரிய வீடுகளில் நடத்தும் பாரம்பரிய விடுதிகளின் இலைச் சாப்பாடு புகழ்பெற்றது என்றாலும், அதன் விலை மாணவர் பைக்கு எட்டாது. உள்ளூர் மெஸ்களில் மதியச் சாப்பாடு குறைந்த விலையில் வயிறு நிறையக் கிடைக்கும். சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நிற்பதில்லை, நாற்பது பேருக்கு அங்கே பலகை போதாது.

இந்த இரண்டுக்கும் நடுவே, மாணவர்களுக்கு மட்டுமே திறந்திருக்கும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. துறையின் பெயரால் வருவது. கட்டடக்கலை, வரலாறு, தமிழ், காட்சிக்கலை என்று எந்தத் துறையானாலும், துறைத் தலைவரின் கடிதம் ஒன்றை முன்கூட்டியே அனுப்பினால், காசுக்குத் திறக்காத சில கதவுகள் அந்தக் கடிதத்துக்குத் திறக்கும். படிப்பை மதிக்கும் மண் இது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. நேரு 1948இல் வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். அந்தப் பெருமையை இன்றும் மறக்காத பெரியவர்களிடம் "பிள்ளைகள் படிப்புக்காகப் பார்க்க வந்திருக்கிறார்கள்" என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. ரயில் கட்டணச் சலுகைக்கும் இதே கடிதம் அடிப்படையாகிவிடும். இதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை மட்டுமே. வகுப்பு முழுவதும் ஐம்பது பேராகக் கிளம்பினால் அது மறுபடியும் குழுச் சுற்றுலாவின் நோயையே வாங்கிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு வேன், ஓர் ஆசிரியர் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டால் எந்த வீட்டாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

என் தம்பி மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். போன தை மாதம் தோழியர் மூவரோடு வந்தாள். "பெரியப்பா, உங்க வீட்டுல தங்க மாட்டோம், நாங்களே பாத்துக்கிறோம்" என்று முதலிலேயே நிபந்தனை போட்டுவிட்டாள் என்பதால், எல்லாம் அவர்கள் ஏற்பாடுதான். திருச்சி வரை ரயில், அங்கிருந்து பேருந்து. வரும் வழியிலேயே திருமயத்தில் இறங்கிக் கோட்டையையும் குடைவரைகளையும் பார்த்துவிட்டு, அடுத்த பேருந்தில் கானாடுகாத்தானுக்கு வந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் நடக்க வேண்டியிருந்ததுதான் அவர்களுடைய ஒரே புகார். மாலையில் காரைக்குடி, பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே ஒரு லாட்ஜில் இரண்டு அறைகள். மறுநாள் காலை ஏழு மணிக்குள் நகரப் பேருந்தில் பிள்ளையார்பட்டி, திரும்பும் வழியில் குன்றக்குடி. பத்தரை மணிக்கு மேல் அரை நாளுக்கு ஓர் ஆட்டோவை அமர்த்திக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போய், பட்டறையிலும் பெரிய வீட்டிலும் மூன்று மணி நேரம் இருந்தார்கள். அந்த ஆட்டோ ஓட்டுநரின் மாமா ஒரு வீட்டுக்குக் காவல்காரர் என்பது பேச்சுவாக்கில் தெரியவர, எந்தத் துண்டறிக்கையிலும் இல்லாத ஒரு வளவில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தார்கள். இது அதிர்ஷ்டம், இதைக் கணக்கில் சேர்த்துத் திட்டம் போட முடியாது. ஆனால் அப்படி ஓர் அதிர்ஷ்டம் வரும்போது நின்று வாங்கிக்கொள்ள நாலு பேருக்கு நேரம் இருந்தது. பேருந்தில் ஏறச் சொல்லி விசில் ஊதும் ஆள் இல்லை.

நால்வர் என்பதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான். வண்டியும் அறையும் வகுபடும் இடத்தில் பங்கு போதுமான அளவு குறைந்துவிடுகிறது. ஒரு பட்டறையில், ஒரு திண்ணையில், ஒரு மேசையில் இடிபடாமல் உட்காரவும் முடிகிறது. எட்டுப் பேரானால் சொந்த ஏற்பாடும் கிட்டத்தட்ட குழுச் சுற்றுலாதான், அதற்குப் பொறுப்பாளி மட்டும் இருக்க மாட்டார்.

நாள் பார்ப்பதில் இரு வழியினரும் ஏமாறுவது உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் கானாடுகாத்தான் தெருக்களில் நடப்பது தண்டனை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆத்தங்குடிக் கல் உலர்வது தாமதப்படும். பட்டறையில் பார்க்க அதிகம் இராது. மார்கழியும் தையும் மாசியும் உகந்தவை. தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும். அந்தச் சமயத்தில் அறை கிடைப்பது கடினம். பெரிய முகூர்த்த நாள்களிலும் அப்படியே; வெளியூரில் இருக்கும் நகரத்தார் குடும்பங்கள் வந்து இறங்கும்போது உள்ளூர் விடுதிகள் நிரம்பிவிடும். முன்கூட்டியே அறை எடுத்து வைத்திருக்கும் ஏற்பாட்டாளருக்கு இந்த நாள்களில் மட்டும் கை மேலோங்கும். பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டிய பத்து நாளும் பிள்ளையார்பட்டியில் திருவிழாக் கூட்டம். வேண்டுதல் உள்ளவர்கள் போகலாம், குடைவரையைப் பார்க்க விரும்புகிறவர்கள் தவிர்க்கலாம்.

குழுச் சுற்றுலாவையே தேர்ந்தெடுக்கிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டியில் அதிகபட்சம் எத்தனை பேர், எந்த வீடுகளுக்கு உள்ளே அழைத்துச் செல்வார்கள், எவற்றை வாசலோடு காட்டுவார்கள், நுழைவுக் கட்டணமும் ஓட்டுநர் பேட்டாவும் சொன்ன தொகையில் அடக்கமா, ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம், ஆள் சேரவில்லை என்று பயணம் ரத்தானால் பணம் எப்போது திரும்பும் என்பவை அவை. இவற்றில் வீட்டைப் பற்றிய கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அதிலேயே விஷயம் தெரிந்துவிடும். "செட்டிநாட்டு அரண்மனைகள்" என்று பன்மையில் சொல்கிறவரிடம் அவற்றின் பெயர்களைக் கேளுங்கள்.

இந்த மார்கழியின் முதல் அழைப்பு நேற்று வந்துவிட்டது. மதுரையில் படிக்கும் இரண்டு பையன்கள். ஒருவனுடைய அப்பத்தாவுக்கு ஒன்பது கோயிலும் பார்க்க வேண்டுமாம், கையில் இருப்பது ஒரே ஒரு பகல். வேனில் மூன்று இருக்கை காலியாக இருந்தால் உடனே பணம் கட்டிவிடச் சொன்னேன். ஆத்தங்குடிக்கு இன்னொரு முறை, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.